டப்பா வரிசை

டிர்க் வந்து இறங்கிய மத்தியானம் தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாந்தில் நாய்கூட நிழலை விட்டு வெளியே வரவில்லை. அப்படி ஒரு வெயில். லாரிக்காரன் இறக்கிவிட்ட இடத்திலேயே, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்று, பண்ணை வாசல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வெள்ளைக்கார முதலாளியின் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதியிருந்தது: யெஃப்தா குடும்பம்.

"நம்ம பேரா இது?" என்றான்.

"நம்ம பேருதான். வாயப் பொளந்துக்கிட்டு நிக்காம உள்ள வா" என்றாள் அக்கா மக்ரீத்தா.

பேச்சு அப்படி வந்ததே தவிர, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்காலம் முழுக்கக் குடிநோய் விடுதியில் கிடந்து மீண்டு வந்திருக்கிறான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கை நடுங்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று மிச்சம் இவன் ஒருவன்தான். இவனைக் கரை சேர்த்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றுதான் அறுவடைக்கு வரச் சொல்லியிருந்தாள்.

குடியை விட்டவனை ஒயின் பண்ணைக்கா கூப்பிடுவார்கள் என்று ஊரில் சிரித்தார்கள். வேறு எங்கே கூப்பிடுவாள்? அவளுக்கு இருப்பதே இது ஒன்றுதான்.

ஒயின் கிடங்குக்குப் பின்னால் சரிவு முழுக்கப் பழைய சின்சோ ரகத் திராட்சை. கொடி என்று பேர்தான். பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்பளவுகூட எழும்பாத கறுத்த கட்டைகள், தாத்தா காலத்துக்கும் முந்தியவை. ஒரு காலத்தில் இந்தச் சரிவின் ஒயினை முதலாளி வீட்டு மேசையில் வைக்கமாட்டார்கள். கூலிக்காரர்களுக்கு ஊற்றுவதற்கென்றே போட்ட தோட்டம் இது. கூலியில் பாதி காசு, பாதி ஒயின். விடிந்ததும் ஒரு வேளை, உச்சிப்பொழுதில் ஒரு வேளை, பொழுது சாயும்போது ஒரு வேளை என்று வரிசையில் நிற்கவேண்டும். மேஸ்திரி வாளியிலிருந்து மத்தி மீன் டப்பாவில் மொண்டு கொடுப்பான். ஒரே மடக்கு. அடுத்த ஆள்.

அவர்களுடைய அப்பா அந்த வரிசையில் வளர்ந்து, அந்த வரிசையிலேயே வயிறு வீங்கிச் செத்தவர். டிர்க்குக்குப் பால்பல் விழுமுன்பே தன் டப்பாவில் மிச்சம் வைத்துப் புகட்டியதும் அவர்தான். பாசத்தில்தான் கொடுத்தார். அதுதான் கொடுமை.

பிறகு சட்டம் வந்தது, டப்பா ஒழிந்தது, முதலாளியின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கிடங்கைக் கழுவித் துடைக்கச் சேர்ந்து, ஒயின் போடும் பக்குவம்வரை கற்றுக்கொண்ட மக்ரீத்தாவின் கைக்கு அரசாங்க நிலத் திட்டத்தில் பண்ணை வந்தது. இப்போது கேப் டவுனிலிருந்து ருசி பார்க்கக் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பழங்கொடிச் சிவப்பு ஒயினாம், இதற்கு ஈடே கிடையாதாம். நாக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு வாளியில் துப்புகிறார்கள். அப்பன்மார்கள் ஒரு சொட்டு சிந்தினாலும் உதை வாங்கிய ஒயின் அது.

டிர்க் அதை நாக்கில்கூட வைக்கவில்லை. கூடை தூக்கினான், தொட்டியில் இறங்கித் திராட்சைத் தோலை மிதித்தான், வேலை முடிந்ததும் காலை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினான். "காலு மட்டும் போதையில இருக்குக்கா, தலைக்கு ஏறல" என்று அவன் சொல்ல, கூட மிதித்தவர்கள் சிரித்தார்கள். பார்த்துப் பார்த்து மக்ரீத்தாவுக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் மூலைப் பீப்பாய் குறைய ஆரம்பித்தது.

போன வருட ஒயின் அது. பீப்பாய் மரம் கொஞ்சம் குடிக்கும். அதை நிரப்பி வைப்பது கிடங்கில் வழக்கமான வேலை. ஆனால் இது வாளிக் கணக்கில் குறைந்தது. காலையில் தளும்ப நிரப்பினால், மறுநாள் கைவிட்டுத் துழாவவேண்டியிருந்தது. ஒழுகிய தடமே இல்லை.

யார்மேல் சந்தேகம் போகும்? அவளுக்கும் அங்கேதான் போனது. வெட்கத்தை விட்டு, யூகலிப்டஸ் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தவனின் முகத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். காப்பி வாசனை. பொரித்த மீன் வாசனை. வேறொன்றும் இல்லை. சீ, நானெல்லாம் ஒரு அக்காவா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்கையில், திருடனைப் பிடிக்கவென்று, கிடங்குக்குள் பீப்பாய்களின் பின்னால் போய் உட்கார்ந்தாள். வெளியே டிர்க் கூடைகளைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேல் சன்னலில் வெளிச்சம் சிவந்து, மங்கி, தரையை விட்டு மெல்ல ஏறியது.

முதலில் வாடை வந்தது. வேர்வையும் ஈர மண்ணும், புளித்துப்போன பழைய ஒயினும் கலந்த வாடை. சின்ன வயதில் அப்பாவின் சட்டையில் அடித்த அதே வாடை.

பிறகு தகரச் சத்தம்.

டக். டக். டக்.

தொடையில் டப்பாவைத் தட்டிக்கொண்டு ஆட்கள் நிற்கும் சத்தம்.

கதவு திறக்கவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு வரிசை நின்றது. குனிந்த தலைகள், கிழிந்த கோட்டுகள், கருநீலமாகக் கறைபட்ட வாய்கள். யாரும் தொடாமலே பீப்பாயின் குழாய் திறந்தது. ஒருவன் ஏந்தினான், ஒரே மடக்கு, நகர்ந்தான். அடுத்தவன் வந்தான்.  விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மக்ரீத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். 

கடைசி ஆள் குடித்துவிட்டுப் போகாமல் நின்றார். அவள் இருந்த பக்கம் திரும்பினார்.

அப்பா.

"டிர்க்கு வந்துட்டானாமே" என்றார், காற்றுப்போல. "பிள்ளைக்கு ஏன் இன்னும் ஊத்தல? எனக்குப் பின்னால இடம் விட்டு வச்சிருக்கேன். வரச் சொல்லு தாயி."

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. டிர்க் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, பேயறஞ்ச மாதிரி வர?" என்றான்.  எப்படிச் சொல்வது? அப்பா உள்ளே நிற்கிறார் என்றால் போட்டது போட்டபடி உள்ளே ஓடுவான். அப்பா என்றால் அவனுக்கு உயிர்.

மறுநாள் நயமாகச் சொல்லிப் பார்த்தாள். வுஸ்டர் ஊரில் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இரு என்றாள். அவன் அசையவில்லை. "இந்தத் திராட்சை முடியட்டும். பாதியில விட்டுட்டுப் போறதுக்கா வந்தேன்? வாழ்க்கையில ஒரு வேலையாவது முழுசா முடிச்சேன்னு இருக்கட்டுங்க்கா."

பொழுது சரிந்துகொண்டிருந்தது. கிடங்குப் பக்கமிருந்து அந்த வாடை கிளம்பிவிட்டது. டிர்க் மூக்கை உறிஞ்சி, எதையோ நினைத்துக்கொண்டவனாய் அங்கே திரும்பிப் பார்த்தான்.

அவ்வளவுதான், அவளுக்குப் புத்தி கெட்டது.

"மூலைப் பீப்பாயக் குடிக்கிறது நீதான்னு எனக்குத் தெரியும்" என்றாள். "மூட்டையக் கட்டு."

அவன் முதலில் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அக்கா, நான் தொடல."

"குடிகாரன் எவன் ஒத்துக்கிட்டான்?"

அவன் கிட்டே வந்தான். முகத்துக்கு நேரே நின்று வாயைத் திறந்து ஊதினான். காப்பியும் பெப்பர்மிண்டும் கலந்த சுத்தமான மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

"சொல்லு" என்றான். "இப்பச் சொல்லு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாறுது."

 அவன் பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு மால்ம்ஸ்பரி ரோட்டில் நடந்தான். புழுதியில் அவன் மறையும்வரை அவள் நின்று அழுதாள். போகட்டும், திட்டிக்கொண்டே உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் போலீஸ்காரர் வந்தார். டிர்க் ரோட்டோரப் பள்ளத்தில் செத்துக் கிடந்தானாம். பக்கத்தில் மலிவு ஒயினின் காலிப் பைகள் கிடந்தனவாம். சேர்த்து வைத்துக் குடித்தவன்போல ஒரே மூச்சாய்க் குடித்திருக்கிறான் என்றார். அப்பாவின் பக்கத்திலேயே புதைத்தார்கள். வெள்ளைச் சட்டையை அவளே போட்டுவிட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டிவிட்டாள்.

எல்லோரும் கலைந்த பிறகு, பொழுது சாய்கையில், அவளாகவே கிடங்குக்குள் போனாள். இனி பயப்பட என்ன இருக்கிறது?

வரிசை நின்றது. குழாய் திறக்கவில்லை. அடியில் ஒரு வாளி இருந்தது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

அவளுக்குப் புரிந்தது. பண்ணை இப்போது அவளுடையது.

குழாயைத் திறந்து வாளியை நிரப்பினாள். ஒவ்வொருவராக வந்தார்கள். மொண்டு ஊற்றினாள். அப்பா வந்தார், குடித்தார், நகர்ந்தார்.

அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை.

"டிர்க்கு" என்றாள். "நீ குடிக்கலடா. எனக்குத் தெரியும். உன் வாய் நாறல, நான்தான் பொய் சொன்னேன். என்னப் பாருடா."

அவன் நிமிரவில்லை. முதலாளிகள் முன்னால் அப்பா நின்ற மாதிரியே கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினான்.

"ஊத்துங்க, முதலாளியம்மா."

அவள் ஊற்றினாள். இன்றைக்கும் பொழுது சாயும் நேரமானால் விருந்தாளிகளைப் பேச்சுக்கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அவள் மட்டும் உள்ளே போகிறாள்.