பின் சீட்டில் ஏறிய கனம்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குப் போகும் சாலையில், உப்பளங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருந்தது சைஃபுல்லாவின் மெக்கானிக் கடை. ஐப்பசித் தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவன் முன்னால் தாமோதரன் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். படூர் ஃபிளாட்டிலிருந்து அவ்வளவு தூரமும் தள்ளியே வந்திருக்கிறான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அது மழையா வியர்வையா என்று சொல்ல முடியவில்லை.

"இன்னா சார், பெட்ரோல் தீந்துபூட்ச்சா?"

"இல்ல பாய். ஸ்டார்ட் ஆகும். முறுக்கினா இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது."

"அவ்ளோதானே? கிளட்ச் ஸ்லிப் ஆவுது. இதுக்கா இம்மாந்தூரம் தள்ளிகினு வந்த?"

தாமோதரன் சிரிக்கவில்லை. ஐ.டி. கம்பெனியில் வேலை, திருச்சிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்தால் பல நாள் தூங்காதவன்போல் இருந்தது.

"வேற கடைகள்ல பாத்துட்டேன் பாய். பிளேட் மாத்துவாங்க, போன மாசம்கூட மாத்தினாங்க. கொஞ்ச நாள்ல மறுபடி அதே கதை. கோவளம் ரோட்டுலதான் முதல்ல ஆரம்பிச்சது." அவன் குரல் தணிந்தது. "பிரதீபா அங்கதான் விழுந்தா. என் வொய்ஃப். பின்னாடி உக்கார இடமே இல்லைங்கறா. யாரோ நெருக்கித் தள்ளினாங்களாம். கையில மாவுக்கட்டோட இருக்கா. இப்ப என்னைப் பாத்தாலே பயப்படறா."

சைஃபுல்லா பெரிதாகச் சிரித்துவிட்டான். அவனுக்குத் தொழிலில் கர்வம் உண்டு, வாயில் கொஞ்சம் கொழுப்பும் உண்டு. "பேயோ பிசாசோ, மொதல்ல கவரைக் கழட்டிப் பாப்போம் சார். அப்பால பயந்துக்கலாம்" என்று சொல்லி, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குந்தினான்.

முதலில் கிளட்ச் லீவரை விரலால் ஆட்டிப் பார்த்தான். கொஞ்சமாவது லொடலொடவென்று ஆட வேண்டும். ஆடவில்லை, கேபிள் விறைப்பாக இருந்தது. கேபிளை இப்படி இழுத்துக் கட்டினால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே கிடக்கும். சரி, ஒரு காரணம் கிடைத்தது. ஆயிலை இறக்கி விரலில் தேய்த்தான். எவனோ புண்ணியவான் கார் ஆயிலை ஊற்றியிருந்தான். அது பிளேட்டை வழுக்க வைக்கும். இரண்டாவது காரணமும் கிடைத்துவிட்டது. சைஃபுல்லாவுக்கு உற்சாகம் வந்தது.

கவரைத் திறந்தபோது அந்த உற்சாகம் குறைந்தது.

கருகிய நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. போன மாதம் மாற்றியதாகச் சொன்ன பிளேட்டுகள் கரியாகக் கிடந்தன. இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. கேபிளும் ஆயிலும் சேர்ந்து சதி செய்தாலும் ஒரு மாதத்தில் இவ்வளவு தீயாது. இது பளு இழுத்துத் தீய்ந்தது.

"இதுல இன்னா சார் ஏத்திகினு போற? சிமெண்ட் மூட்டையா?"

"நான் மட்டும்தான் பாய் போறேன்" என்றான் தாமோதரன்.

புதுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊற வைத்து, ஸ்பிரிங்குகளையும் மாற்றி, சரியான ஆயிலை ஊற்றி, லீவருக்கு வேண்டிய ஆட்டம் கொடுத்து முடிக்கும்போது மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். ஆள் ஏறாத வண்டியின் பின்பக்கம் தானாகத் தாழ்ந்தது. ஷாக் அப்சார்பரைக் கையால் அமுக்கிப் பார்த்தான். அமுங்க மிச்சமில்லாமல் அது அடியில் முட்டி நின்றது. இதுவும் போயிருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான்.

கிளட்ச் வேலை பார்த்த வண்டியைத் தனி ஆளாக ஓட்டிப் பார்த்து அவன் கொடுத்ததே இல்லை. பின்னால் ஒருவரை ஏற்றி, டாப் கியரில் மெதுவாகப் போய், சட்டென்று முறுக்க வேண்டும். வண்டி இழுத்தால் நல்லது. சத்தம் மட்டும் ஏறினால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். பளு இல்லாமல் கிளட்ச்சின் யோக்கியதை தெரியாது என்பது அவன் வேதவாக்கு.

"ஏறு சார், ஒரு ரவுண்டு போலாம்."

"நான் ஏற மாட்டேன்." தாமோதரன் பின்வாங்கிச் சுவரோடு நின்றான். "பின்னாடி மட்டும் உக்கார மாட்டேன் பாய்."

"அட, ஆள் இல்லாம எப்டி டெஸ்ட் பண்றது?" சைஃபுல்லாவுக்கு வேடிக்கை தாங்கவில்லை. காலிச் சீட்டைத் தட்டினான். "சாரு வர மாட்டாராம். பிரதீபாம்மாவைத் தள்ளிவுட்டியே, நீ வாப்பா. ஏறி உக்காரு. எங்கூட வா."

தாமோதரனின் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்தவன், சொல்லாமலே மூடிக்கொண்டான்.

உப்பளச் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. இரண்டு பக்கமும் பாத்திகளில் மழைத் தண்ணீர் தேங்கி, வானத்தின் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. கழிமுகத்துச் சேற்று வாடை. சைஃபுல்லா டாப் கியருக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

இன்ஜின் அலறியது. வண்டி ஊர்ந்தது.

மறுபடி முறுக்கினான். அலறல் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை. இப்போதுதான் போட்ட பிளேட் தீயும் நாற்றம் மூக்கில் ஏறியது. எங்கே தப்பு செய்தோம், ஸ்பிரிங்கைச் சரியாக உட்கார வைத்தோமா என்று அவன் புத்தி இன்னும் வேலையிலேயே இருந்தது.

அப்போது முதுகு நனைந்தது.

மழை நின்றிருந்தது. ஆனாலும் தோளிலிருந்து இடுப்பு வரை சில்லென்று ஈரம் பரவியது. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் சாய்வதைப்போல ஏதோ ஒரு கனம் மெல்ல அவன்மேல் சாய்ந்தது. கழுத்துக்குப் பின்னால் உப்பு வாடை.

"யாரு?"

கனம் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

"எங்க எறங்கணும்?" என்று கேட்டான். ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிரேக்கை மிதித்துத் திரும்பினான். சீட்டில் யாரும் இல்லை. சீட்டு மட்டும் நடுவில் குழிந்து, குழியில் தண்ணீர் நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி மெதுவாக மேலெழுந்து சமமாயிற்று. தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது.

திரும்பி வரும்போது வண்டி சிட்டாகப் பறந்தது. கிளட்ச்சில் ஒரு குறையும் இல்லை. சைஃபுல்லாவின் பற்கள்தான் கிட்டிக்கொண்டிருந்தன.

கடை வாசலில் தாமோதரன் காத்திருந்தான். அவன் சைஃபுல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்த்தான். அது நிமிர்ந்து நின்றது.

சுவரோரம் சைஃபுல்லாவின் சொந்த பைக் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கம், யாரும் தொடாமலே, கிரீச்சென்று தாழ்ந்தது.

இருவரும் பார்த்தார்கள்.

"மழையில அந்த ரோட்டுல யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சு பாய்" என்றான் தாமோதரன். "ஏறிக்கங்கன்னு சொன்னேன். கிட்ட போனா ஆளே இல்ல. வண்டி மட்டும் இறங்குச்சு. கூப்பிட்டவங்க கூடத்தான் அது வரும்போல. நீங்க கூப்பிட்டப்போ தடுத்திருக்கணும். தடுக்கல. பிரதீபாவை நினைச்சேன்."

"அடப்பாவி" என்றான் சைஃபுல்லா. கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. தாமோதரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். அழுதுகொண்டே போனான்.

சைஃபுல்லாவின் பைக்கில் தினமும் பின்னால் உட்காருவது ஒருத்திதான். அவன் மகள் சைதூன், நாலாம் வகுப்பு. அடுத்த தெருவில் டியூஷன் முடிந்து அத்தாவுக்காகக் காத்திருப்பாள். அவளை ஏற்றிக்கொண்டு இதே உப்பளச் சாலை வழியாகத்தான் கோவளத்து வீட்டுக்குப் போவான். பிரதீபாவின் மாவுக்கட்டு ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளையை இந்த வண்டியில் ஏற்றுவதா? பைக்கைச் சங்கிலி போட்டுப் பூட்டினான். வாயில் வந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போய் சைதூனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வண்டி எங்க அத்தா?"

"ரிப்பேரும்மா. இன்னிக்கு ஆட்டோல போலாம்."

ஷேர் ஆட்டோ திருவேங்கடம் தெரிந்தவன். மழைக்கு வேறு சவாரி கிடைக்கவில்லை, இவர்கள் இருவர் மட்டும்தான். சைதூனைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு, சைஃபுல்லா முன்னால் திருவேங்கடத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். ஒருவேளை தன்னோடு ஏதாவது வந்தால் அது தன் பக்கத்திலேயே இருக்கட்டும், பிள்ளையிடம் போக வேண்டாம் என்று கணக்குப் போட்டான்.

உப்பளம் வந்தது. அந்தி வெளிச்சமும் மங்கிவிட்டது.

ஆட்டோ அலறியது. ஊர்ந்தது.

"இன்னா பாய் இது?" திருவேங்கடம் எரிச்சலோடு முறுக்கினான். "போன வாரம் நீதான கிளட்ச் பாத்த? இப்டி வழுக்கிகினு கீது!"

தீயும் நாற்றம். சைஃபுல்லாவுக்கு அது எதன் நாற்றம் என்று தெரியும். பளுவைக் குறைத்தால் கிளட்ச் பிடிக்கும். அது தன் பளு. தான் கூப்பிட்டது. தான் இறங்கினால் கூடவே இறங்கிவிடும், பிள்ளை வீடு போய்ச் சேருவாள்.

"நிறுத்து நைனா. நான் நடந்து வரேன். நீ கொயந்தைய வூட்ல உட்டுடு. எங்கியும் நிக்காத."

"இருட்டுல நடந்தா? பைத்தியமா பாய் உனக்கு?"

அவன் இறங்கினான். நனைந்த தார் ரோட்டில் நின்று, வாய்க்குள்ளேயே முனகினான். "வா. நான்தான கூப்டேன். எங்கூட எறங்கு."

அவன் முதுகில் புதிதாக ஈரமும் ஏறவில்லை, கனமும் சாயவில்லை.

திருவேங்கடம் கிளட்ச்சை விட்டான். இன்ஜின் கத்தியது. ஆட்டோ ஓர் அடிகூட நகரவில்லை. அதன் பின்பக்கம் சக்கரத்தோடு ஒட்டும்படி தாழ்ந்து கிடந்தது.

சைஃபுல்லா ஓடிப்போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

அகலமான சீட்டின் ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, சைதூன் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மிச்ச இடமெல்லாம் ஈரம். அவளுடைய வலது தோள் நனைந்திருந்தது.

"அத்தா, மெதுவா பேசுங்க. தூங்கறாங்க" என்று கிசுகிசுத்தாள். "ஏறும்போது நின்னுகினே இருந்தாங்க, பாவம். நான்தான் தள்ளிக்கினு, வாங்க உக்காருங்கன்னு கூப்ட்டேன்."