துண்டுக்கு அடியில்

வாசலில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. பையைத் திறந்து பார்க்கவும் இல்லை. வழுக்கைத் தலையும் வெள்ளை வேட்டியுமாக நின்ற ஒரு பெரியவர், ரதீஷின் வலது கைமேல் ஒரு கறுப்புத் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் தன் கையை நுழைத்து, அவனுடைய இரண்டு விரல்களைப் பிடித்தார்.

கை ஐஸ் மாதிரி இருந்தது.

மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல், துண்டு மறைவில், பிடிக்கிற விரலை வைத்துத்தான் பேரம். வாய் மாட்டின் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கை விலையைப் பேசும். கடைசியில் உள்ளங்கையை அமுக்கினால் முடிந்தது. அதற்கப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. ரதீஷின் அப்பா தங்கையன் முப்பது வருஷம் மாட்டுத் தரகராக இருந்தவர். அந்த வீட்டில் மூன்றாவது தோசை வேண்டுமென்றால் ஆறு கேட்கவேண்டும். ஆகவே, எதற்கு என்று ரதீஷ் யோசிக்கும் முன்னால் அவன் கை பதில் சொல்லிவிட்டது. ஒரு விரலைத் தள்ளியது. ஒன்றை மட்டும் நீட்டியது.

பெரியவர் உள்ளங்கையை அமுக்கினார்.

"சந்தையில இருந்தீரா?" என்றான் ரதீஷ், சிரித்துக்கொண்டே.

"எல்லாச் சந்தையிலயும் இருந்திருக்கேன், தம்பி. உள்ள போங்க." துண்டை அவன் கைமேலேயே விட்டுவிட்டார்.

பின்னால் வந்த அபிலாஷ் கையை நீட்டினான். "எனக்குத் துண்டு இல்லியா?"

"உங்களுக்கு வேண்டாம்," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமலே.

உள்ளே நடக்கும்போது அபிலாஷ் தோளில் இடித்தான். "ஏலே, என்னத்த வாங்கினே?"

"தெரியல்ல மக்கா. ரெண்டு கேட்டாரு. ஒண்ணாக்கினேன்."

"தெரியாமலா பேரம் பேசினே? நீயெல்லாம் சுடுகாட்டுக்குப் போனாலும் விறகைக் குறைச்சுத்தான் கேப்பே. நல்லவேளை, எனக்கிட்ட பேசல்ல. நமக்க கணக்கு ஒம்பதரையில்லா?" என்று வலது கையை ஆட்டிக் காட்டினான். பள்ளிக்கூட வயதில் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரில் ஆட்காட்டி விரலில் பாதி போய்விட்டது. அந்தப் பாதி விரலை வைத்து இருபது வருஷமாக ஊரைச் சிரிக்கவைக்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மஸ்கட் விமானம். போனால் இரண்டு வருஷம். அதற்கு முன் ஒரு கச்சேரி என்று ரதீஷ்தான் கூப்பிட்டான். மாலையில் வெள்ளிச்சந்தை வீட்டு வாசலில், இடுப்பில் குழந்தையோடு நின்று, அபிலாஷின் மனைவி சுனிதா சொன்னது ஒன்றுதான்: "ரதீஷண்ணா, கொண்டு போற மாதிரியே கொண்டு வந்து விடணும், கேட்டீங்களா?" குடிக்க விடக்கூடாது என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள். அவனும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

முட்டத்தில் வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்த ஐஸ் கம்பெனியைத்தான் பாட்டுக் கிளப்பாக மாற்றியிருந்தார்கள். சுவருக்குள் உமி அடைத்துக் கட்டிய கட்டடம். உள்ளே கால் வைத்ததும் கடலின் இரைச்சல் யாரோ கழுத்தைப் பிடித்தது போல நின்றது. பழைய அமோனியா நெடி மூக்கின் அடியில் ஊசியாய்க் குத்த, அதற்கும் கீழே மீன் ஏற்றிய பெட்டிகளின் வாடையும், ஈரச் சாக்கின் வாடையும், இன்னும் பேர் தெரியாத ஏதோ ஒரு இனிப்பு வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தன. இயந்திரங்களைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டு எத்தனையோ காலமாகிறது. பிறகு குளிர் எங்கிருந்து வருகிறது என்று ரதீஷ் பார்த்தான். ஏசி எதுவும் கண்ணில் படவில்லை.

நுழைவு இலவசம், குளிர் இலவசம், துண்டு இலவசம். சும்மா கிடைக்கிற எதையும் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்க்கிறவன் அவன். வடசேரியில் அவனுடைய போன் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் 'நல்ல போன்' என்று சொன்னால் பேட்டரியைத்தான் முதலில் கழற்றுவான். இன்று எதையும் கழற்றாமல் உள்ளே வந்ததற்குக் காரணம், பேபி. 'உப்புக்காத்து' குழுவின் பாடகன். ஆறு வருஷமாக சாலிடரிங் புகையில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கிறான். எந்தப் பாட்டில் எந்த வரிக்கு முன்னால் பேபி மூச்சு இழுப்பான் என்பதுவரை அவனுக்கு மனப்பாடம். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

டிரம்ஸ் அதிர்ந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டியது போலிருந்தது. கிட்டார் உயர்ந்து கட்டடத்தின் தகரக் கூரையை நடுங்க வைக்க, இருட்டில் நூறு நூற்றைம்பது தலைகள் ஒன்றுபோல முன்னும் பின்னும் ஆட, பேபியின் குரல் கரகரவென்று, ஓடத்தைக் கரையில் இழுக்கும் சத்தத்தோடு எழுந்தது. அபிலாஷ் ஊளையிட்டான். ரதீஷும் ஊளையிட்டான்.

முதல் பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை.

அவர்கள் இருவரின் கைதட்டல் மட்டும் உமிச் சுவரில் முட்டிச் செத்தது.

"என்னலே இது, எழவு வீடு மாதிரி," என்றான் அபிலாஷ். "நான் முன்னால போறேன். பேபியைக் கிட்டத்தில பாக்கணும்."

"இங்கயே நில்லு."

"பத்து நிமிஷம், மக்கா." போய்விட்டான்.

உடைந்த வென்டிலேட்டர் வழியாகக் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றி வரும்போதெல்லாம் கூட்டத்தின்மேல் ஒரு வெள்ளைக் கோடு ஓடி மறைந்தது. முதல் தடவை தலைகளைப் பார்த்தான். இரண்டாம் தடவை தோள்களை. மூன்றாம் தடவை கைகளை. ஒவ்வொருவர் வலது கைமேலும் ஒரு கறுப்புத் துண்டு. துண்டுக்கு அடியில் எதுவோ அசைந்துகொண்டிருந்தது. அதனால்தான் கைதட்டவில்லை. கை காலியாக இல்லை.

பக்கத்தில் நின்றவனுக்கு இவன் வயதுதான் இருக்கும். கண்கள் மேடையில் இருந்தன. கன்னத்தில் ஈரம்.

"அண்ணே, இந்தத் துண்டு எதுக்கு?" என்று காதருகே கத்தினான் ரதீஷ்.

"நாலு கேட்டாங்க," என்றான் அவன், திரும்பாமல். "மூணுல முடிச்சேன். நல்ல பேரம்னு நினைச்சேன்."

"என்னத்தில மூணு?"

"வீட்டில."

ரதீஷ் தன் கையில் கிடந்த துண்டைப் பார்த்தான். வந்தது இரண்டு பேர். கேட்டது இரண்டு. அவன் ஒன்றாக்கினான்.

இரண்டாவது பாட்டு தொடங்கியிருந்தது. அவன் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. நாலாவது வரிக்கு முன்னால் பேபி மூச்சு இழுப்பான். இழுக்கவில்லை. எட்டாவது வரி. இழுக்கவில்லை. குரல் மட்டும் குழாயில் வருகிற தண்ணீர் மாதிரி நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் சுற்றி வந்தது. பேபியின் இடது கையில் மைக். வலது கைமேல் துண்டு. அந்தத் துண்டின் மறுமுனை அவனுக்குப் பின்னால் இருட்டுக்குள் போனது. பேபியின் முகம் பாடுகிறவன் முகமாக இல்லை. பல வருஷமாக விலை படியாத மாட்டோடு சந்தையில் நிற்கிறவனின் முகம்.

"அபிலாஷே!"

கூட்டத்துக்குள் பாய்ந்தான். குளிர்ந்த முதுகுகள். வழிவிடாத தோள்கள். துண்டுகளுக்கு அடியிலிருந்து விரல்கள் அவன் விரல்களைத் தேடின. ஒன்று. மூன்று. ஐந்து. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மேடைக்கு முன்னால் அபிலாஷின் கட்டம்போட்ட சட்டை. முழங்கையைப் பிடித்து இழுத்தான். வந்தான். கூப்பிட்டால் வருகிற கன்றுக்குட்டி மாதிரி வந்தான்.

வாசலில் பெரியவர் நின்றிருந்தார். ரதீஷ் துண்டை அவர் காலடியில் வீசினான்.

"நான் இவனைக் கூட்டிட்டுப் போறேன். பேச்செல்லாம் கிடையாது. எதுக்குன்னே தெரியாம அமுக்கினது செல்லாது."

"கூட்டிட்டுப் போங்க தம்பி," என்றார் பெரியவர், வழிவிட்டு. "நான் வேண்டாம்னா சொன்னேன்?"

அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது. இத்தனை சுலபமாக இறங்கி வருகிற வியாபாரி, ஏற்கனவே எடுக்கவேண்டியதை எடுத்தவன்.

பைக்கை முறுக்கினான். அம்மாண்டிவிளை ரோட்டில் தென்னைகளும், சிலுவைக் குருசடிகளும், மூடிய சாயாக் கடைகளும் பின்னால் ஓடின. கடல் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. முதுகு மட்டும் குளிர்ந்தது.

"ஏலே, ஏதாவது பேசு."

இன்னும் வேகமாக முறுக்கினான்.

"உனக்க ஒம்பதரைக் கதையைச் சொல்லு. சிரிக்கேன்."

பள்ளத்தில் பைக் குதித்தபோது பின்னால் பாரம் குதிக்கவில்லை. கண்ணாடியில் பார்க்கலாம். பார்க்கவில்லை. கொண்டு வந்துவிட்டேன், கொண்டு வந்துவிட்டேன் என்று வெள்ளிச்சந்தைவரை சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. சத்தம் கேட்டுச் சுனிதா கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை, தூக்கம் கலைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"வந்தாச்சா! மணி பத்துகூட ஆகல்ல. ரதீஷண்ணா, நீங்க சொன்ன சொல்லு தவறாத ஆளுதான்." குழந்தையிடம் குனிந்தாள். "பாரு மக்களே, அப்பா வந்தாச்சு."

குழந்தை ரதீஷுக்குப் பின்னால் பார்த்தது. சிரிக்கவில்லை.

அவன் வலது கைமேல் எதுவோ விழுந்தது. குனிந்து பார்த்தான். கறுப்புத் துண்டு.

அடியில் ஒரு கை நுழைந்தது. ஐஸ். அவன் அந்த விரல்களைத் தடவினான். பெருவிரல். ஆட்காட்டி விரல்.

முழு விரல். நகத்தோடு.

அது அவனுடைய இரண்டு விரல்களைப் பிடித்தது. எதிரில் இரண்டு பேர்: சுனிதா, இடுப்பில் குழந்தை.

"உள்ள வாங்க," என்றாள் சுனிதா. "ரெண்டு பேரும் என்ன அங்கயே நிக்கிறீங்க?"

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். கையை உருவ நினைத்தான். ஆனால் அது தங்கையன் வீட்டுக் கை. வாய்க்கு முந்திய கை.

ஒரு விரலைத் தள்ளியது.

துண்டுக்கு அடியில், உள்ளங்கையை, மெதுவாக, அமுக்கினார்கள்.