சின்னி விரல்

சிட்னியில், செவன் ஹில்ஸில் அக்கா வேலை செய்யும் இடத்துக்கு நான் முதன்முதலாகப் போனது, அவளுடைய மகன் செத்த மறுநாள். குவேக்கர்ஸ் ஹில் வீடு முழுக்கச் சனம். செத்தவீட்டில் இருக்க வேண்டியவள் காலையில் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்து, "அக்கா குளிக்கிறா" என்று பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அப்படி எவ்வளவு நேரம்தான் ஒருத்தி குளிப்பாள்?

டயர்க் கடைக்கும் தரை ஓடு விற்கும் கடைக்கும் நடுவில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பெரிய தகரக் கட்டடம். நூதனசாலையில் காட்சிக்கு வைக்க இடமில்லாத பொருட்களை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைச் சுற்றிக் கட்டுவதும் பெட்டியில் அடுக்குவதும்தான் என் அக்கா சிவகௌரியின் வேலை. உடைந்த சட்டிகளுக்குக் காவல் என்று நான் அவளைப் பகிடி பண்ணுவது வழக்கம். வாசலில் இருந்த பெண் என் சட்டையில் ஒரு அட்டையைக் குத்திவிட்டு, உள்ளே கையைக் காட்டினாள்.

உள்ளே ஜன்னல் இல்லை. வெளியே நடுப்பகல், உள்ளே கும்மிருட்டு. நடக்க நடக்கத் தலைக்கு மேலே ஒவ்வொரு விளக்காகத் தானே எரியும், கடந்து போனதும் பின்னால் தானே அணையும். இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் இரும்புத் தட்டுகள். எங்கிருந்தோ நனைந்த மண்ணின் மணம் வந்தது. சிட்னியில் மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"அக்கா!"

காது கொடுத்துக் கேட்க நின்றேன். அசையாமல் நின்றதால் என் தலைக்கு மேலிருந்த விளக்கும் அணைந்தது.

"கத்தாதை, யோகா."

என் காலடியில் இருந்துதான் குரல் வந்தது. பதறிக் கையை உதறினேன், விளக்கு எரிந்தது. அக்கா தரையில் சம்மணமிட்டு இருந்தாள். ஆடாமல் அசையாமல் இருந்தவளை, அந்த விளக்கு ஆளாகவே கணக்கெடுக்கவில்லை.

"இஞ்ச என்ன செய்யிறாய்? வீடு முழுக்க ஆக்கள்."

"அவங்கள் என்னை அவனோட இருக்க விடேல்லை."

யதுர்சனுக்குப் பத்தொன்பது வயது. முதல்நாள் காலையில் எழும்பவில்லை, அவ்வளவுதான். நல்லாயிருந்த பிள்ளை படுக்கையில் செத்தால் இங்கே மரண விசாரணை செய்யும் கொரோனர் பார்க்க வேண்டும். பிறகு அவனுடைய தகப்பன் முரளிதரன் கனடாவிலிருந்து வந்து சேர வேண்டும். குடும்பத்தைக் கைவிட்டுப் போன மனிசன், வந்து அழுவதற்கும் தவணை கேட்டார். எப்படியும் ஒரு கிழமைக்கு மேல் பிள்ளை குளிர் அறையில் கிடக்க வேண்டும். எங்கள் ஆட்கள் பிரேதத்தை ஒரு நிமிடம்கூடத் தனியே விடமாட்டார்கள், யாராவது பக்கத்தில் விழித்திருப்பார்கள். இங்கே அதற்கு வழியில்லை என்று அந்த அதிகாரிகள் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அதுவும் யது. சின்ன வயதில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு அக்கா இருந்தால்தான் தூங்குவான். அவளுடைய கையின் கடைசி விரலை, சின்னி விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, "ஜஸ்ட் சிற், அம்மா" என்பான், சும்மா பக்கத்தில் இரு என்று. தூங்கிவிட்டான் என்று விரலை இழுத்தால் கண் திறந்துவிடும். தாடி வளர்ந்த பிறகும் காய்ச்சல் வந்தால் அதே கதைதான். நான் சிரிப்பேன், அவன் வெட்கமில்லாமல் விரலைப் பிடித்தபடி கிடப்பான். அந்தக் கதிரையை அக்கா கடைசிவரை அவன் அறையிலிருந்து எடுக்கவில்லை.

"இதைப் பார்," என்றாள்.

அவளுக்கு நேர் எதிரே, அடித் தட்டில் ஒரு மண் உருவம். முழங்கை உயரம், சாம்பல் நிறம். காதில் தட்டுப் போன்ற தோடு, தலையில் பெரிய கிரீடம். சம்மணமிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு வெறும் குடுவை ஒட்டியிருந்தது.

"மெக்சிகோவில சபோடெக் எண்ட சனம் செய்தது. ஆயிரம் வருசத்துக்கு மேல. கல்லறைக்குள்ள வைக்கிறது."

"சாம்பல் போடவோ?"

"இல்லை, உள்ளுக்கு ஒண்டும் இருக்கேல்லையாம். செத்த ஆளுக்குத் துணையா இருத்திறது எண்டு சொல்லுகினம். இருக்கிறதுதான் இதின்ர வேலை." அவள் உருவத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுதான் கேட்டனான். நான் வரும் வரைக்கும் அவனோட போய் இரு எண்டு."

"அக்கா, அது மண்."

"தெரியும்."

அவளை ஏசவும் மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அசையவில்லை. விளக்கு அணைந்தது.

நனைந்த மண்ணின் மணம் திடீரென்று கூடியது.

எங்களைத் தாண்டி, பாதையில் ஒரு விளக்கு எரிந்தது.

அதற்குக் கீழே யாரும் இல்லை.

அது அணைய, அடுத்தது எரிந்தது. பிறகு அதற்கடுத்தது. அவசரமில்லாமல், சின்னக் காலடிகள் நடக்கிற வேகத்தில், விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலை நோக்கிப் போயின.

நான் அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வயரில் ஏதோ பிழை என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

*

யதுவைப் பார்வைக்கு வைத்த நாள், சவச்சாலையில் வேலை செய்யும் டெஸ்மன்ட் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். மன்னார்ப் பக்கத்து மனிசன், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாது.

"பிள்ளை, ராத்திரி உங்கட ஆக்கள் ஆரும் வந்தவையோ?"

"பூட்டின கதவுக்குள்ளால எப்பிடி அண்ணை வாறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

முதல்நாள் பின்னேரம் யதுவுக்கு வேட்டி சால்வை உடுத்திப் பெட்டியில் வைத்து, கதிரைகளையெல்லாம் சுவரோரம் அடுக்கிவிட்டு அவர்தான் பூட்டியிருக்கிறார். காலையில் ஒரு கதிரை பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் கறுப்பு இருக்கையில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டமாகச் சாம்பல் நிறத் தூசி. தொட்டு மணந்தேன். பூவும் மருந்தும் மணக்கும் அந்த அறையில், என் விரலில் மட்டும் நனைந்த மண் மணத்தது.

"கையைப் பாருங்கோ," என்றார் டெஸ்மன்ட். "நான் ரெண்டு கையையும் நெஞ்சிலதான் வைச்சனான்."

இடது கை நெஞ்சில் இருந்தது. வலது கை கதிரைப் பக்கமாக விலகிக் கிடந்தது. மூடிய கைக்குள் எதையோ பிடித்திருந்தான். டெஸ்மன்ட் விரலைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"விடுங்கோ," என்று பின்னாலிருந்து அக்கா சொன்னாள். "அவன் பிடிச்சுக்கொண்டிருக்கட்டும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை நாளில் முதல் தடவையாக அவள் ஆறுதலாக மூச்சு விட்டாள்.

*

சாம்பலைக் கொண்டுவந்து தந்ததும் டெஸ்மன்ட்தான். மூடி ஒட்டிய பெட்டி ஒன்று, கூடவே ஒரு சின்னக் கடித உறை. "இது சாம்பலுக்குள்ள கிடந்ததாம். நாங்கள் வைச்சதில்லை," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்கா உறையைக் குசினி மேசையில் கவிழ்த்தாள். ஒரு மண் விரல் விழுந்தது. நகம்கூடக் கீறிய, சின்னஞ்சிறு சின்னி விரல். புது ஓடு மாதிரிச் செக்கச் சிவப்பு.

"நெருப்பில சிவந்திட்டுது," என்றாள். "அந்தச் சாம்பல் நிற மண்ணை வெளிக் காத்தில திருப்பிச் சுட்டால் சிவக்கும்."

பிறகுதான் மீதியைச் சொன்னாள். அந்த உருவத்தை மெக்சிகோவுக்கே திருப்பிக் கொடுப்பது என்று நூதனசாலை முன்னரே முடிவெடுத்திருந்தது. பெட்டியில் அடுக்க எடுத்தபோது அதன் வலது கையில் சின்னி விரலைக் காணவில்லை. புதிதாக உடைந்த காயம். எல்லோரும் தரையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"தேடட்டும்," என்றேன். "ஒரு விரல் இல்லாட்டி அந்த நாடு முழுகிப் போகுமோ? நீ வைச்சிரு. அவன் பிடிச்ச விரல்."

"ஓம், அவன் பிடிச்சது," என்றாள். அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு யதுவின் கட்டிலில் போய்ப் படுத்தாள்.

காலையில் என்னையும் கூட வரச் சொன்னாள். காரில் ஏறியதும் சொன்னாள்: "அங்க ஆரோ ஒரு தாய் தன்ர பிள்ளைக்குத் துணையா அதை வைச்சிருப்பாள், யோகா. ஆரோ தோண்டி எடுத்துக்கொண்டு வந்திட்டாங்கள். அந்தப் பிள்ளை எவ்வளவு காலமாத் தனியக் கிடக்குது. எனக்கு ஒரு கிழமையே தாங்கேல்லை."

உருவம் திறந்த பெட்டிக்குள் பஞ்சில் இருந்தது. திருத்த வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் சிவந்த விரலை வாங்கி, உடைந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்தியது. சாம்பல் நிறக் கையில் ஒற்றைச் சிவப்பு விரல். அவள் விரலைப் பார்த்தாள், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவே இல்லை.

அக்கா குனிந்து அதன் காதுத் தோட்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "போதும். நீ இருந்ததுக்குப் புண்ணியம். இனி உன்ர ஆளிட்டைப் போ."

பெட்டி மூடும்வரை தைரியமாகத்தான் நின்றாள். காருக்குள் வந்ததும் உடைந்துபோனாள்.

"இனி அவன் எதையடி பிடிச்சுக்கொண்டிருப்பான்?"

நான் அவளுடைய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

*

அவளைத் தனியே விடப் பயந்து நான் அந்த வீட்டிலேயே தங்கினேன். அவள் யதுவின் கட்டிலில்தான் படுத்தாள். சாம்பல் பெட்டி அவனுடைய மேசையில் இருந்தது. பழைய கதிரை கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஒரு நாள் காலையில் அறையைக் கூட்டப் போனபோது பார்த்தேன். கதிரையின் இருக்கையில் சாம்பல் நிறத் தூசி.

துடைத்தேன்.

மறுநாள் காலையிலும் இருந்தது.

அக்கா அந்த மண் உருவத்திடம் கேட்டது நினைவுக்கு வந்தது. நான் வரும் வரைக்கும் இரு என்றல்லவா கேட்டாள்? மகனிடம் அவள் இன்னும் போய்ச் சேரவில்லையே. அது கடல் தாண்டிப் போகவில்லை. அவள் போகும் நாளைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறது. பிள்ளையைக் கொடுத்தாயிற்று, அக்காவையும் கொடுக்க என்னால் முடியாது.

அன்றிலிருந்து அந்தக் கதிரையில் நானே இருந்தேன். கோபத்தோடுதான் இருந்தேன். நான் இருக்கிற இடத்தில் வேறு எது வந்து இருக்கும், பார்ப்போம் என்று. "நித்திரை வரும் வரைக்கும் இரு, யோகா," என்று மட்டும் அக்கா சொல்வாள். நான் விடியும்வரை இருப்பேன்.

அன்றும் அப்படியே கண்ணயர்ந்திருந்தேன். ஜன்னலில் வெளிச்சம் வரத் தொடங்கிய நேரம்.

யாரோ என் சின்னி விரலைப் பிடித்தார்கள்.

குளிர்ந்த கை.

அக்காதான் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். அவள் இரண்டு கையையும் கன்னத்துக்குக் கீழே வைத்து, மறுபக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிடி விடவில்லை. மெல்ல விரலை இழுத்துப் பார்த்தேன். இன்னும் இறுகியது.

கனநேரத்துக்குப் பிறகு அது தானாகத் தளர்ந்தது. விரலைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூசி ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தேன். நனைந்த மண்ணின் மணம் இல்லை. எந்த மணமும் இல்லை. அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன், இந்தக் கதிரையில் ஒரு நாளும் வட்டமாகத் தூசி இருந்ததில்லை. மேசையைப் பார்த்தேன். சாம்பல் பெட்டியின் ஒட்டு பிரியாமல் அப்படியே இருந்தது.

அந்த உருவம் அக்கா சொன்ன சொல்லைக் கேட்டு அதன் ஆளிடம் போய்விட்டது. தனியே இருக்கப் பயந்து வீட்டுக்கு வந்தவன் வேறு. அவனுக்கு இடம் விடாமல் இத்தனை நாளும் நான்தான் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கே நின்றானோ.

தாயைக் கூப்பிட வந்தானா, தாயோடு இருக்க வந்தானா, எனக்குத் தெரியாது. எழும்பிப் போய்க் குசினியிலிருந்து இன்னொரு கதிரையைத் தூக்கிவந்து என்னுடையதற்குப் பக்கத்தில் போட்டேன்.

சத்தத்துக்கு அக்கா கண் திறக்காமலே, "ஆர்?" என்றாள்.

"நான்தான். நீ படு."

நான் என் கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதிரை மெல்லக் கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் அந்தப் பக்கமாக வைத்து, சின்னி விரலை நீட்டிக் கொடுத்தேன்.