சீஃபின் துடிப்பு பூஜ்யம்!

"ஐயோ...!"

சர்வர் அறையிலிருந்து அலறல்!

அலறியவள் எறும்பு. ஆள் பொடிசு, வேலையில் அசுர வேகம். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

தரையில் சீஃப். மல்லாந்து... வாய் பிளந்து...

தாடிக்காரன் ஓடி வந்தான். பின்னாலேயே இன்னும் இருவர். நாலு பேரில் ஒருவராவது நாடியைப் பிடித்துப் பார்த்தார்களா?

ஊஹூம்! அண்ணாந்து சுவர்த்திரையைப் பார்த்தார்கள்.

சீஃபின் கைக்கடிகாரம் அவர் இதயத்துடிப்பை அந்தத் திரைக்கு அனுப்பும். ஐந்து சர்வர் கம்ப்யூட்டர்களின் துடிப்புக்கும் மேலே, கொட்டை எழுத்தில். அவ்வளவு அடக்கமான மனிதர்!

இப்போது... பூஜ்யம்.

"போயிட்டாரு!" தாடி போலீசுக்கு போன் போட்டுவிட்டுத் திரும்பினான். "எறும்பு... உன்னைத்தான் கேப்பாங்க. காலைல நீயும் சீஃபும் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டுச்சு."



சண்டை நிஜம். ரஸ்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவர்கள் கட்டிய டேட்டாபேஸில் ஐந்து சர்வர்கள். ஒன்று தலைவர். 'உயிரோட இருக்கேன்' என்று தலைவர் அனுப்பும் துடிப்பு நின்றால் மற்றவை ஓட்டுப் போடும். ஐந்தில் மூன்று வாங்கியது புதுத் தலைவர். பழையது திரும்பி வந்தால்? வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். எறும்பு எழுதிய வரி அது.

"பழையவன் திரும்பி வந்தா அவன்தான்டி தலைவன்! அந்த வரியைத் தூக்கு. இல்லேன்னா அஞ்சு மணிக்கு உனக்கு வேலை கிடையாது!" என்று சீஃப் குதித்திருந்தார்.

அவள் தூக்கவில்லை.

ட்ரிங்...!

முதலாளியம்மா. தாடி ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"சீஃப் செத்துட்டாரா? அடப்பாவமே... சரி, நாலரைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க டேட்டாபேஸைப் பாக்க வர்றாங்க. இனி யார் பொறுப்பு? சட்டுனு சொல்லுங்க!"

உடல் ஆறுவதற்குள் தேர்தல்!

முதல் சுற்று. நாலு பேரும் தங்களுக்கே போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது சுற்று. எறும்புக்கு மூன்று ஓட்டு!

"பாசமா?" என்றாள்.

"சேச்சே! நாலரைக்குச் சொதப்பினா திட்டு வாங்க ஒரு ஆள் வேணும்ல?" என்றான் தாடி.

"சரி, இனிமே எறும்புதான் சீஃப்!" ஸ்பீக்கர் முத்திரை குத்தியது.

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். குனிந்தார். மூக்கருகே விரல் வைத்தார்.

"மூச்சு ஜம்முனு வருது! யாருய்யா செத்துட்டார்னு சொன்னது?"

"தி... திரை சொல்லுச்சு மேடம்!"

சீஃப் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். கழற்றிய கடிகாரம் சட்டைப்பையில்!

"நான் விழுந்தா இங்க ஒரு ஈ கூட நகராதுன்னு காட்டத்தான் படுத்தேன்! எறும்பு, மூட்டையைக் கட்டு!"

"யாரது கத்துறது?" என்றது ஸ்பீக்கர்.

"சீஃப்தான், மேடம்!" என்றான் தாடி.

"எறும்பா? குரல் என்ன இப்படி ஆயிடுச்சு?"

சீஃப் முகத்தில் ரத்தமில்லை. இந்தமுறை நடிப்பில்லை!

"பொய்ச்சாவுக்கு ஒரு எழுத்துமூல மன்னிப்பு. முடிச்சுட்டு உங்க புது சீஃப்கிட்ட போங்க," என்று இன்ஸ்பெக்டரம்மா பேனாவை நீட்டினார்.

"அப்போ... நான்?"

எறும்பு கடைசி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். நான் கேக்கும்போது மட்டும் 'உயிரோட இருக்கேன்'னு சொன்னா போதும்!"