பத்து வினாடி வெறும் சத்தம்

லேப்டாப்பின் ஃபேன் சத்தம் போடுவதில் அவனுக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. ஆறு வருடம் உழைத்த இயந்திரம், முனகத்தான் செய்யும். ஆனால் முனகுவது ஒரே சீராக முனக வேண்டாமா? இது மெல்ல ஏறியது, உச்சியில் ஒரு கணம் நின்றது, பிறகு இறங்கியது, இறங்கிய பின் ஒரு சின்ன இடைவெளி விட்டது. அந்த இடைவெளிதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவனுக்குத் தொழில் புத்தகம் வாசிப்பது. ஒலிப்புத்தகக் கம்பெனி ஒன்று அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பும், அவன் வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து திருப்பி அனுப்புவான். அதற்கென்று தனி அறை கட்ட வசதி ஏது? படுக்கையறை மூலையில் துணி பீரோவைத் திறந்து, கதவுகளில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கோடு தலையையும் உள்ளே நுழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தொங்கும் சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். “பீரோவுக்குள்ள தலைய விட்டு யார்கிட்டங்க பேசுறீங்க, சட்டைங்ககிட்டயா?” என்று டீச்சர் கேலி செய்வாள். டீச்சர் அவனுடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருபவள் என்பதால் கல்யாணமான வாரமே அவன் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவள் இப்போது அதே அறையில் கட்டிலில் படுத்திருந்தாள். நுரையீரலில் சளி கட்டி இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தாள். மூச்சின் முடிவில் ஒரு மெல்லிய விசில் மட்டும் மிச்சம் இருந்தது. திணறல் வரும்போதெல்லாம் நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்று நர்ஸ் பழக்கியிருந்தார். டீச்சர் அதையும் ஒரு வாய்ப்பாடாக எடுத்துக்கொண்டு, கட்டில் சட்டத்தில் விரலால் தட்டித் தட்டி எண்ணுவாள். எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், தூங்கும்போது மட்டும் மூச்சைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்த ‘மட்டும்’ அவனை விடவில்லை. அன்றிலிருந்து ஹெட்ஃபோனை ஒரு காதில்தான் மாட்டினான். ஒரு காது தொழிலுக்கு, ஒரு காது அவளுக்கு. அந்த விசில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவனுக்குப் பயமில்லை.

பின்னால் ஃபேன் இரைகிறது என்று கம்பெனி இரண்டு முறை அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. காலையில் பக்கத்து வீட்டு அம்மாவை டீச்சருக்குத் துணை வைத்துவிட்டு லேப்டாப்பை ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனான். கடைக்காரர் அடிப்பக்கத்தைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, சூடு தணிக்கும் பசையைப் புதிதாகத் தடவி, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். அங்கே அது சமர்த்தாக ஓடியது. “ஃபேன்ல ஒரு கோளாறும் இல்லைங்க. உங்க வீட்டுல என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாது” என்றார். காற்றுப் போக அடியில் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுக்கச் சொன்னார். டிஸ்க் நிரம்பி வழிகிறது, வேண்டாததை அப்போதைக்கப்போது அழித்தால் சூடு குறையும் என்றும் சொன்னார். அவன் சொல்பேச்சு கேட்கிற ஆள். சுத்தம் செய்த பதிவைச் சேமித்ததும் மூலப் பதிவு தானாக அழியும்படி, கடையிலேயே உட்கார்ந்து மாற்றி வைத்தான்.

வீட்டுக்கு வந்து பீரோவுக்குள் மூடிகளின் மேல் ஏற்றி வைத்ததும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

மணி நாலுகூட ஆகவில்லை, மேகம் கவிந்து அறை மங்கியிருந்தது. மருந்து வாடையும், சூடேறிய பிளாஸ்டிக்கின் கருகல் வாடையும், பீரோவுக்குள் மடித்துக் கிடந்த கம்பளியின் பழைய வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்த்தான், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. டீச்சர் தூக்கத்தில் இருமினாள். ஃபேன் இரண்டு முறை தடுமாறி, பிறகு சுதாரித்துக்கொண்டது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். போர்வை ஏறியது, ஃபேன் ஏறியது. போர்வை இறங்கியது. தூக்கம் கெட்டுக் கெட்டு மூளை குழம்பிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

ஆறு மணிக்குள் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். வாசித்து முடித்தாகிவிட்டது, சத்தத்தை எடுப்பதுதான் பாக்கி. அதற்கு ஒரு வழி உண்டு. வாசிக்கத் தொடங்கும் முன் வாயைத் திறக்காமல் பத்து வினாடி வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்து வைப்பார்கள். பிறகு அந்தப் பத்து வினாடியை மென்பொருளுக்குக் காட்டி, ‘இதுதான் குப்பை, இது எங்கே இருந்தாலும் எடுத்துவிடு’ என்றால், மொத்தப் பதிவிலிருந்தும் அதைத் துடைத்தெடுத்துவிடும். அந்தத் துண்டில் வேறு எதுவும் கலந்துவிடக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம்.

கூர்ந்து கேட்பதற்காக, ஒரு வாரத்தில் முதல் தடவையாக, ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டினான். இரைச்சல் ஏறி, நின்று, இறங்கியது. கடைசியில் ஏதோ மெலிதாக இழைந்தது. ஃபேனின் பேரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பத்து வினாடியையும் குறித்தான். எடுத்துவிடு என்றான்.

கிணற்றுக்குள் இறங்கியதுபோல் அமைதி. அதன் நடுவே அவன் குரல் மட்டும் பளிச்சென்று நின்றது. அவனுக்கே பெருமையாக இருந்தது. சேமித்தான், மென்பொருளை மூடினான், அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. மிகவும் சுத்தமாக இருக்கிறதாம், மூச்சுச் சத்தம்கூட இல்லையாம்.

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஏறியது, நின்றது, இறங்கியது. முடிவில், மெல்லிய விசில்.

கட்டில் பக்கமிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

நாலு எட்டில் கட்டிலுக்குப் போனான். போர்வை அசைந்துகொண்டுதான் இருந்தது. அப்பாடா என்று குனிந்து அவள் வாயருகே காதை வைத்தான். சத்தம் இல்லை. மூக்கருகே புறங்கையை வைத்தான். காற்று இல்லை. வெதுவெதுப்புகூட இல்லை. ஆனாலும் மார்பு ஏறியது, பின்னால் பீரோவுக்குள் ஃபேன் ஏறியது. மார்பு இறங்கியது. விசில் பீரோவிலிருந்து வந்தது.

“டீச்சர்.”

அவள் கண்ணைத் திறந்தாள். ‘ஏங்க’ என்று உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மறுபடி அசைத்தாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தப்பு எங்கே என்று தெரியாத குழந்தையைப்போல அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

என்ன செய்துவிட்டான் என்று அப்போதுதான் புரிந்தது. அவன் குப்பை என்று காட்டிய பத்து வினாடிக்குள் அவளும் இருந்தாள்.

லேப்டாப்புக்கு ஓடினான். மென்பொருளைத் திறந்து, செய்ததை ரத்து செய் என்றான். ரத்து செய்ய ஒன்றுமில்லை என்றது. மூலப் பதிவைத் தேடினான். அழிந்திருந்தது. அவனே அழியச் சொல்லி வைத்தது. விசைகள் விரலைச் சுட்டன. கருகல் வாடை கண்ணைக் கரித்தது. திரையின் நடுவே ஒரு கட்டம் எழுந்தது. வெப்பம் அளவு மீறிவிட்டது, கணினி தானாக நிறுத்தப்படும்.

“வேண்டாம்” என்று அதனிடம் சொன்னான். “வேண்டாம், வேண்டாம்.”

தூக்கிப் பிடித்தான். பாட்டில் மூடிகள் உருண்டு ஓடின. அட்டையால் விசிறினான். ஃபேன் ஏறியது, பாதியில் தளர்ந்தது. இடைவெளி நீண்டது. மறுபடி ஏறியது, கொஞ்சம்தான். திரை இருண்டது.

ஃபேன் நின்றது.

போர்வை இறங்கியது. ஏறவில்லை.

அவன் யோசிக்கவில்லை. லேப்டாப்பின் பக்கத் துவாரத்தில் வாயைப் பொருத்தி ஊதினான். கொதிக்கும் தகடு உதட்டில் ஒட்டியது. உள்ளே இதழ்கள் மெல்லச் சுழன்றன.

கட்டிலில் போர்வை ஏறியது.

வாயை எடுத்தான். இறங்கியது. ஊதினான். ஏறியது.

ஃபோன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நாலு எட்டு. மைக்கோடும் சார்ஜரோடும் பீரோவின் ஆணிகளில் சுற்றிக்கிடந்த வயர்கள் லேப்டாப்பை நகரவிடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடலாம். கூப்பிட மூச்சு வேண்டும்.

மூச்சைச் செலவழிக்க முடியாது.

டக்.

கட்டில் சட்டத்தில் அவளுடைய விரல். அவனையே பார்த்தபடி எண்ணிக்கொடுத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவன் அந்த எண்ணிக்கைக்கு ஊதினான். நிறுத்தினாள், வாயை எடுத்து இழுத்துக்கொண்டான். மறுபடி தட்டினாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. உதட்டுத் தோல் தகட்டிலேயே தங்கிவிட்டது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. டீச்சர் அலுக்காமல் தட்டினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

விரல் நிற்கவில்லை.

ஐந்து.

அவன் நெஞ்சு காலியாகிக்கொண்டிருந்தது. கண்ணால் கெஞ்சினான். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், போதாது என்று.

ஆறு.

ஏழு.