கொட்டாவியும் கோழிப்படையும்

அந்த வீட்டில் எல்லோருக்கும்தான் கொட்டாவி வரும். ஆனால் பட்டப்பெயர் கிடைத்தது ஒருத்திக்கு மட்டும்.

அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் வகுப்பே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் வாயைப் பிளந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் பிளந்தாள். பிறகு பின்வரிசை முழுக்கப் பிளந்தது. கடைசியில் டீச்சரும் கையால் வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் பெயர் கொட்டாவி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? அம்மா சோப்புப் பட்டறையில் வேலை பார்க்கிறார். விடிவதற்கு முன்பே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார். அம்மா எழுந்தால் பாத்திரங்கள் எழும். பாத்திரங்கள் எழுந்தால் கொட்டாவியும் எழுந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் அவள் பாய் அடுக்களைச் சுவரை ஒட்டி இருந்தது.

அப்பாவுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டம். வழக்கமான பனைமரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தென்னைக்கும் ஈச்சைக்கும் நடுவில் நிற்கும் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். உச்சியில் மட்டைகளின் இடுக்கில் பெரிய பெரிய குலைகள். குலை முழுக்க நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய பழங்கள். காயாக இருக்கும்போது கறுப்பு, பழுத்தால் செம்மஞ்சள்.

அந்தப் பழம் லேசுப்பட்டதல்ல. சதையைப் பிழிந்தால் சிவப்பு எண்ணெய் வரும். அதைச் சுத்தம் செய்தால் வெளுத்துப்போய், பலகாரம் பொரிக்கவும் பிஸ்கட் செய்யவும் கடைக்குப் போகும். உள்ளே இருக்கும் கொட்டையை உடைத்துப் பருப்பைப் பிழிந்தால் வேறோர் எண்ணெய் வரும். அது குளிர்ந்தால் வெண்ணெய் மாதிரி உறைந்துவிடும். அம்மாவின் பட்டறையில் சோப்பாவது அதுதான்.

"ஒரே பழத்துக்குள்ள ரெண்டு எண்ணெய் இருக்கு. ஒரு வாரத்துக்குள்ள ஒரு நாள் லீவு இல்லையே!" என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, ஆலைக்குப் போன லாரி பாதிப் பாரத்தோடு திரும்பி வந்தது. அப்பா இறங்கினார். அம்மாவைப் பார்க்க வேண்டி உடம்பை முழுதாகத் திருப்பினார். அவர் கழுத்து தனியாகத் திரும்பி ஒரு வாரம் ஆகிவிட்டது.

"என்னங்க, பாதிக் குலை அப்படியே திரும்பி வந்திருக்கு?" என்று கேட்டார் அம்மா.

"மூக்குக்கண்ணாடி வேணாம்னுட்டார்."

மூக்குக்கண்ணாடி என்பவர் ஆலை வாசலில் குலைகளின் தரம் பார்ப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் காயைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"பழுக்காத குலையில எண்ணெய் ஏது, தண்ணிதான் இருக்குன்னு சத்தம் போட்டார். ஏற்கெனவே ஒரு தடவை சொன்னாராம். நாளைக்கும் காயை ஏத்திட்டு வந்தா, இனிமே உன் லாரி இந்த வாசலுக்கே வரவேணாம்னுட்டார்."

வெட்டிய குலையை மறுபடி மரத்தில் ஒட்டவைக்க முடியுமா? மூன்று பேரும் லாரியைப் பார்த்தபடி நின்றார்கள். அப்பா கொட்டாவி விட்டார். அம்மா விட்டார். கொட்டாவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எந்தக் குலை பழுத்திருக்கிறது என்பதை மரமே சொல்லிவிடும். பழுத்ததும் நாலைந்து பழங்கள் உதிர்ந்து தரையில் கிடக்கும். முன்பெல்லாம் அப்பா அதைப் பார்த்துத்தான் வெட்டுவார். ஆனால் அப்போது தோட்டத்துத் தரை மொட்டையாக இருந்தது. மழை பெய்தால் மண் கரைந்து ஓடைக்குப் போகும். கிணற்றுத் தண்ணீர் டீ மாதிரி இருக்கும், சர்க்கரைதான் பாக்கி. அதனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் மரங்களுக்கு நடுவே தரையை மூடிப் படரும் கொடியை விதைத்தார்கள். மண் நின்றது. கிணறு தெளிந்தது. மண்புழுக்கள்கூடத் திரும்பி வந்தன.

வந்த வினை என்னவென்றால், கொடி மரத்தடி வரைக்கும் முழங்கால் உயரத்துக்கு மண்டிவிட்டது. உதிரும் பழங்கள் அதற்குள் மாயமாகிவிடும். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து துழாவ அப்பா ஒற்றை ஆள். ஆகவே காலையிலிருந்து மாலை வரை அண்ணாந்து பார்த்து, நிறத்தை வைத்துக் குத்துமதிப்பாக வெட்டினார். கழுத்தும் போயிற்று, குத்துமதிப்பும் தப்பிப் போயிற்று.

அப்பா லாரியிலிருந்து ஒரு நீல நிறக் கேனை இறக்கி வைத்தார்.

"என்னப்பா இது?"

"களைக்கொல்லி. திங்கட்கிழமை கொடி மேல அடிச்சிடப் போறேன். தரை தெரிஞ்சா போதும்."

"ஓடைப் பக்கம் மருந்து அடிக்க மாட்டோம்னு ஆலையில வாக்குக் குடுத்திருக்கோமே?" என்றார் அம்மா.

"மேட்டுப் பக்கம் மட்டும்தான்."

"மழை பெஞ்சா மேட்டுல இருக்கிறது எங்கப்பா போகும்?" என்று கேட்டாள் கொட்டாவி. "கிணறு மறுபடியும் டீயாயிடும்ப்பா."

அப்பா அவளைப் பார்க்க மெல்லத் திரும்பினார். அவர் கண்கள் சிவந்து போயிருந்தன.

"எனக்கும் தெரியும், கண்ணு. என்னால முடியலையே."

அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை. அப்பா அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்து அத்தையின் கோழிகள் உள்ளே வராமல் விரட்ட வேண்டும். அந்தக் கோழிகளால் அப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது.

"அக்கா, உங்க கோழிங்க என் பழத்தைத் தின்னுது. கட்டிப் போடுங்க!" என்று அப்பா கத்தியிருந்தார்.

"கட்டிப் போட அது என்ன கன்னுக்குட்டியா?" என்று அத்தை திருப்பிக் கத்தியிருந்தார். அதோடு சரி.

கொட்டாவி ஒரு குச்சியோடு போய், கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்தாள். வெயில் இதமாக இருந்தது. கண் சொக்கியது. எட்டுக் கோழிகளும் வேலியின் ஓட்டை வழியாக வரிசையாக நுழைந்தன. முன்னால் வந்தது கழுத்தில் இறகே இல்லாத ஒரு கிழக்கோழி.

"சூ... ஆஆவ்..." என்றாள். பாதி விரட்டலும் பாதிக் கொட்டாவியுமாக வந்த அதைக் கோழிகள் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டன.

எழுந்து ஓட அவளுக்குத் தெம்பில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொட்டைக் கழுத்துக்கோழி முதல் மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதையும் கடந்து போனது. அதற்கடுத்த மரத்தடிக்கு வந்ததும் கொடிக்குள் தலையை விட்டது. எட்டு வால்களும் மேலே நின்றன. கொஞ்ச நேரம் கழித்துத் தலைகள் வெளியே வந்தபோது, எல்லா அலகுகளிலும் செம்மஞ்சள் சாயம். கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது.

'இந்த மரத்தடிக்கு மட்டும் எதுக்குப் போகுதுங்க?'

போய்க் கொடியை விலக்கிப் பார்த்தாள். அடியில் பழங்கள் உதிர்ந்து கிடந்தன. அண்ணாந்து பார்த்தாள். கீழிருந்து பார்க்கக் குலை கறுப்பாகத்தான் தெரிந்தது. சிவந்த பக்கத்தை மட்டை மறைத்துக்கொண்டிருந்தது.

கோழிகள் சீந்தாத முதல் மரத்துக்கு ஓடிக் கொடியை விலக்கினாள். ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. அதற்குள் கோழிகள் வேறொரு மரத்தடியில் கிளறிக்கொண்டிருந்தன. அங்கே போய்ப் பார்த்தால் பழம்!

வரவிருந்த கொட்டாவி பாதியில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடி, துணி காயப்போடும் கயிற்றில் கிடந்த அப்பாவின் பழைய துண்டை எடுத்து வந்தாள். நீள நீளமாகக் கிழித்தாள். கோழிகள் நின்று கிளறிய மரத்திலெல்லாம் ஒரு துணியைச் செருகினாள். கோழிகள் நடந்தன. அவள் பின்னாலேயே நடந்தாள். யாரும் யாரையும் விரட்டவில்லை.

நீளக் கம்பில் மாட்டிய அரிவாளோடு அப்பா வந்தார். கழுத்தைத் தடவிக்கொண்டே மரங்களைப் பார்த்தார்.

"என்ன இது, மரத்துக்கெல்லாம் கட்டுப் போட்டிருக்கு? இது என் துண்டு மாதிரி இருக்கே?"

"உங்க துண்டேதான்ப்பா. துணி இருக்கிற மரத்தை மட்டும் வெட்டுங்க. நீங்க மேல பாக்கவே வேணாம்."

"யார் சொன்னது?"

"கோழி."

அப்பா நெற்றியைச் சுருக்கினார். "உன்னை விரட்டச் சொன்னேனா, இல்ல அதுங்ககிட்ட யோசனை கேக்கச் சொன்னேனா?"

"நீங்க மேல பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சு நிக்கிறீங்க. அதுங்க கீழ பாக்குதுங்க. உதிர்ந்த பழம் எங்க இருக்குன்னு அதுங்களுக்குத்தான்பா தெரியும். ஒரே ஒரு குலை வெட்டிப் பாருங்க. காயா இருந்தா சாயங்காலம் வரைக்கும் நானே விரட்டுறேன்."

அப்பாவுக்கு வாதாடத் தெம்பில்லை. அவளை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, துணி செருகிய மரத்தில் அரிவாளை மாட்டி இழுத்தார். குலை தொப்பென்று விழுந்தது. பழங்கள் நாலாபக்கமும் தெறித்தன. அத்தனையும் செக்கச் செவேலென்று இருந்தன.

அப்பா அடுத்த துணியைத் தேடிப் போனார்.

மதியம் ஆலைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். மூக்குக்கண்ணாடி ஒவ்வொரு குலையாகக் கம்பியால் புரட்டிப் பார்த்தார். கடைசிக் குலையையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு காய்கூட இல்லையே! யாரைய்யா பாத்துச் சொன்னது? புது ஆள் வச்சிருக்கியா?"

"ஆமாங்க, எட்டுப் பேர்," என்றார் அப்பா.

"எட்டுப் பேரா! கூலி கட்டுப்படியாகுமா?"

"கூலியே கிடையாது. சாப்பாடு மட்டும்தான். அதுவும் கீழ விழுந்ததைப் பொறுக்கித் தின்னுக்கிறாங்க."

மூக்குக்கண்ணாடியின் முகம் வாடிவிட்டது. "என்னைய்யா, பாவம்! இது உனக்கே நல்லா இருக்கா?"

கொட்டாவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கோழிங்க, மாமா!" என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கண்ணாடி குலை மேல் விழுந்தது. திங்கட்கிழமையும் லாரி வரட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வரும் வழியில், மூடி திறக்காத நீலக் கேனை அப்பா கடையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அக்கா, அன்னைக்குக் கத்தினது தப்புத்தான். கோழிங்களைத் தினமும் அனுப்பி வைங்க."

அத்தை இடுப்பில் கை வைத்தார். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அவர் கழுத்துக்கு அது நல்ல இதமாக இருந்திருக்க வேண்டும். திட்டி முடித்ததும் அத்தை உள்ளே போய்த் தைலக் குப்பியைக் கொண்டுவந்தார்.

"கழுத்துல தேய்ச்சுக்க, தம்பி. ஓணான் மாதிரி நிக்கிற."

வெளியே வந்ததும் கொட்டாவி கேட்டாள், "ரொம்பத் திட்டிட்டாங்களாப்பா?"

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது, கண்ணு," என்றார் அப்பா.

சாயங்காலம் பட்டறையிலிருந்து அம்மா திரும்பியபோது வீடே தைல வாசனை. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு இல்லை, சுளுக்கும் பாதிதான் இருந்தது. மகள் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

"அந்த மொட்டைக் கழுத்துக்காரிக்கு நான் ஒரு கைப்பிடி தானியம் போடணும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்," என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெளியே கோழிகள் வேலி ஓட்டை வழியாக வரிசையாக வீடு திரும்பின. அன்றைக்கு அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் கொட்டாவி விடவில்லை. இருட்டுவதற்கு முன்பே மூன்று பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப் போயிருந்தார்கள்.