தண்ணி உருளாத இடம்

தண்ணி உருளணும். பெயின்ட் பளபளக்கப் பூசுற சீலன்ட் போட்டுக் காஞ்ச வண்டி மேல ஸ்ப்ரே அடிச்சா, தண்ணி முத்து முத்தா திரண்டு யாரோ விரட்டுற மாதிரி சரிஞ்சு ஓடணும், அதுதான் வேலை நல்லா வந்ததுக்கு அடையாளம். கூரையில, நாலு கதவுல எல்லாம் அப்படித்தான் ஓடுச்சு, பானெட்டோட முன் ஓரத்துல மட்டும் ஒரு சாண் இடத்துல தண்ணி நகராம தட்டையா படுத்துக் கிடந்துச்சு.

பாலிஷ்காரன் குனிஞ்சு பாத்தான். உள்ளங்கை. அஞ்சு விரலும் விரிஞ்ச உள்ளங்கை.

எவன்டா கைய வெச்சதுன்னு வாய்க்குள்ளயே திட்டிக்கிட்டான். எவனும் இல்ல. தூசி வரக்கூடாதுன்னு மத்தியானமே ஷட்டர இறக்கிட்டான், ஃபேன் கூட போடல, டியூப்லைட் மட்டும் பல்லக் கடிக்கிற மாதிரி முனகிக்கிட்டு இருக்கு, சீலன்ட் நெடி தொண்டையில ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குது, அதுக்கும் அடியில ஒரு ஃபினாயில் வாசனை. அது கடை வாசனை இல்ல. வண்டியோட வந்தது.

காலையில வண்டிய விட்ட ஆளு தூங்கி மூணு நாள் ஆன மாதிரி இருந்தான்.

"கழுவாத. நானே கழுவிட்டேன். நேரா பூசு."

"சார், நாங்க கழுவித் தொடைக்காம பூசுறதில்ல. அடியில என்ன இருந்தாலும் அப்படியே உள்ள மாட்டிக்கும்."

"அதான்யா வேணும். நாலு கோட்டு போடு."

முடியாதுன்னுதான் சொல்லியிருக்கணும். ஆனா கடை அக்கா புருஷனோடது. ஏற்கனவே ரெண்டு வண்டி வட்ட வட்டமா கீறலோட திரும்பி வந்திருக்கு. "நீ தொட்ட வண்டியெல்லாம் புகுந்த வீடு பிடிக்காத பொண்ணு மாதிரி திரும்பி வருதேடா"ன்னு மாமா நேத்துதான் கிழிச்சாரு. "இன்னொரு கம்ப்ளைன்ட் வரட்டும், சாவிய வெச்சிட்டு நடையக் கட்டு. உங்க அக்கா அழுதாலும் சரி." அதனால வாய மூடிக்கிட்டு நாலு கோட்டு பூசினான். க்ளவுஸ் தீந்து போச்சு, வெறுங்கையாலயே பூசினான், வேர்வைய அதே கையாலயே தொடச்சுக்கிட்டான். கழுத்து வரைக்கும் பிசுபிசுன்னு இருந்துச்சு.

ஒருவேளை நம்ம கையேதானோ? தன் கைய அந்தத் தடத்து மேல வெச்சு அளந்து பாத்தான். தடம் சின்னது. ஜில்லுன்னு இருந்துச்சு. ஒரு நொடி கை ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்து, அப்புறம் வந்துச்சு.

ஸ்பிரிட் துணியால அழுத்தித் தேச்சு, புதுசா ஒரு கோட்டு போட்டு, காயவிட்டு, தண்ணிய ஸ்ப்ரே பண்ணான். முன் ஓரத்துல தண்ணி அழகா உருண்டுச்சு.

ஒரு அடி மேல, ரெண்டு கை. கண்ணாடிப் பக்கமா.

ஈர விரல் பெயின்ட்ல இழுபடுற சத்தம் கேட்டுச்சு. கிறீச். அவன் எதையும் தேய்க்கல.

ஃபோன் அடிச்சுது. அந்த ஆளு.

"எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"எது சார்?"

"நடிக்காத. கை."

"கண்ணாடிகிட்ட... யாரு சார் அது?"

"ரோட்டுல குறுக்க வந்துச்சு. நான் நிறுத்தல. மூணு நாளா கழுவுறேன், கழுவக் கழுவ மேல ஏறுது. நீ அது மேல கைய வெச்சியா?"

பாலிஷ்காரன் உள்ளங்கைய சட்டையில தேச்சுக்கிட்டான்.

"வெச்சிட்டியா. அப்ப சரி."

அந்தக் கடைசி வார்த்தை ரெண்டு தடவ கேட்டுச்சு. ஃபோன்ல ஒண்ணு. ஷட்டருக்கு வெளிய ஒண்ணு.

பூட்டு விழுந்துச்சு.

ஓடிப்போய் ஷட்டரத் தூக்கினான். அசையல. தட்டினான். "சார், தெறங்க சார்." செருப்பு சத்தம் தள்ளிப் போச்சு. அவசரமே இல்லாம.

திரும்பினான். வண்டி கறுப்பா, சும்மா நின்னுச்சு. தாறுமாறா ஸ்ப்ரே அடிச்சான். பானெட். கண்ணாடி. கூரை. தலை, சட்டை எல்லாம் தெறிச்சுது. எங்க அடிச்சாலும் தண்ணி உருண்டுச்சு. ஒரு தடம் இல்ல. ஒரு குறை இல்ல. மாமாவே வந்து பாத்தாலும் வாயத் தெறக்க முடியாத வேலை.

போயிருச்சு.

மூச்சு விட்டான். தன் கையப் பாத்தான். சீலன்ட் ஊறின தோல் மேல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது.

மணிக்கட்டுல மட்டும் ஓடல.

அங்க தட்டையா ஒரு பட்டை. மேல நாலு விரல். கீழ கட்டைவிரல்.

முழங்கைக்கு மேல இன்னொண்ணு.

அசையாம நின்னான். முடியிலேருந்து ஒரு சொட்டு காதோரமா எறங்கி, உருண்டு, கழுத்துக்கு வந்துச்சு.

நின்னுச்சு. அஞ்சா பிரிஞ்சு, தட்டையா படுத்துச்சு.